ஹேமநாத் என்ற பெயரில் படுத்திருப்பவன்

யேசுதாஸ் அண்ணனுக்கு, கும்மிடிப்பூண்டியிலிருந்து பானு வணக்கம் சொல்லி எழுதுவது.

முதலில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். வீட்டில் அண்ணியிடம்கூட வேண்டாம். டீம் கோச் பரசுராமன் சாரிடம் வேண்டவே வேண்டாம். நான் எழுதினேன் என்று தெரிந்தால் எங்கள் வீட்டில் யாருக்கு என்ன ஆகும் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

நான் துளசிராமனின் தங்கை. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். அன்று பல்கலைக்கழக மைதானத்தில் அம்மாவைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். நீங்கள் என்னைக் கவனித்திருக்க மாட்டீர்கள்.

அண்ணன் உயிரோடு இருக்கிறான். திருவள்ளூரில் ஓர் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். வருகிற வியாழக்கிழமை அவனை அங்கிருந்து வேனில் ஏற்றி வேறு எங்கோ கொண்டுபோகப் போகிறார்கள். தலைக்குள் வீக்கம் வடியும்வரை அவனை அசைக்கவே கூடாது என்று டாக்டரம்மா சொன்னதை நான் என் காதால் கேட்டேன். வியாழனுக்குள் நீங்கள் அங்கே வர வேண்டும். ஏன் உங்களைக் கேட்கிறேன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என் போன் என்னிடம் இல்லை. அன்று அண்ணன் விழுந்ததைப் படம் எடுத்திருக்கிறேனா என்று பார்த்துவிட்டுத் தருவதாகச் சொல்லி பல்கலைக்கழக ஆபீஸில் சேர்மனுக்கு எல்லாம் பார்க்கும் ஜெயராஜ் சார் வாங்கிக்கொண்டு போனார். அண்ணனுடைய போனும் அவரிடம்தான் இருக்கிறது. அதனால் பேப்பரில் எழுதி, பக்கத்து வரிசை வீட்டில் இருக்கும் விக்டோரியாவிடம் கொடுக்கப் போகிறேன். அவள் என்னோடு படிப்பவள். அவளுடைய அப்பா ஆரம்பாக்கம்வரை ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். தடாவில் நீங்கள் போகும் சர்ச்சுக்குத்தான் அவர்களும் போகிறார்களாம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவளிடம் சொல்லவில்லை. ஸ்போர்ட்ஸ் சர்டிபிகேட் விஷயம் என்று சொல்லியிருக்கிறேன்.

உங்களை நம்பலாமா என்று எனக்குத் தெரியவில்லை. கோபப்படாதீர்கள். இப்போது எனக்கு யாரையும் நம்பத் தெரியவில்லை. மளிகைக்கடைக்காரர் அண்ணனுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டால்கூட, இவரை யார் கேட்கச் சொன்னார்கள் என்று தோன்றுகிறது. நீங்கள் தடாவில் வேலை செய்யும் கம்பெனி, சேர்மனுக்கு வேண்டியவர்களுடையது என்று ஜெயராஜ் சாரே நைனாவிடம் சொன்னார். எதற்காகச் சொன்னார் என்று அப்போது புரியவில்லை. இந்தக் கடிதம் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தால், நீங்கள் யார் பக்கம் என்று எனக்குத் தெரிந்துவிடும். ஆனால் தெரிந்து என்ன பயன்?

அந்தப் பாஸ்கெட்பால் டீமின் கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எனக்கு எவ்வளவு தெரியும் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சின்னப் பெண் ஏதோ உளறுகிறாள் என்று நினைத்துவிடக் கூடாது.

ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அண்ணன் வாசலில் பந்தைத் தட்டிக்கொண்டே இந்தக் கதைகளைச் சொல்லுவான். நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே கேட்பேன். டெல்லியிலிருந்து ஆய்வுக் குழு வருகிறது, விளையாட்டு என்ன இருக்கிறது என்று கேட்பார்கள் என்பதற்காக, மெஸ்ஸுக்குப் பின்னால் அவசர அவசரமாகச் சிமெண்ட் போட்டார்களாம். கம்பம் இரண்டையும் சிப்காட்டில் ஒரு பட்டறையில் வெல்டிங் வைத்தார்களாம். பந்து ஒன்றே ஒன்று. முந்தின நாள் சாயங்காலம் சென்ட்ரல் பக்கம் போய் வாங்கி வந்தது. கபடி சொல்லிக்கொடுக்க வேலைக்குச் சேர்ந்த பரசுராமன் சாரைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து நீ பாஸ்கெட்பால் என்று சேர்மன் சொல்லிவிட்டார். சார் ரொம்ப நாள் வரைக்கும் மைதானத்தில் “ஏறு, ஏறு, கால புடி” என்றே கத்திக்கொண்டிருந்தாராம்.

வெல்டிங் வைத்தவர் ஒரு வளையத்தைச் சாய்வாக வைத்துவிட்டார். சாய்ந்த வளையத்தில் பழகிய பையன்கள் சென்னைக்கு ஆடப் போய், நேரான வளையத்தில் ஒரு பந்தைக்கூடப் போட முடியாமல் நின்றார்கள். “இன்னாபா, பந்து ஆட வந்தியா, மீனு புடிக்க வந்தியா” என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். திரும்பி வரும்போது ரயிலில் பொன்னேரி தாண்டியதும் சார், “மீனு புடிக்கிறவனையே இட்டாரேன், இருங்கடா” என்றாராம்.

அப்படித்தான் அவர் பழவேற்காட்டுக்கு வந்தார். மீன் ஏலம் நடக்கும் இடத்தில், லாரியின் மேல் நின்று, கீழேயிருந்து வீசும் காலிக் கூடைகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பிடித்து அடுக்கிக்கொண்டிருந்தவர் நீங்கள். இந்த இடம் வந்தால் அண்ணன் பந்தைக் கீழே வைத்துவிட்டு நடித்தே காட்டுவான். எங்கள் நைனாவும் பழவேற்காடு ஏரியில் வலை வீசியவர்தான். ஏரியில் ஒன்றும் கிடைக்காமல் போனபிறகு இங்கே ரோலிங் மில்லுக்கு வந்துவிட்டார். அதனால் உங்கள் கதை எங்கள் வீட்டுக் கதை மாதிரியே இருக்கும்.

நீங்கள் பத்தாவதோடு நின்றவர். பல்கலைக்கழகத்தில் படிப்பவர் மட்டும்தான் கோப்பைக்கு ஆடலாம் என்பது விதி. ஃபீஸ் கட்டிவிட்டு வகுப்புக்கே வராத ஒரு வசதியான வீட்டுப் பையனின் பெயரில் உங்களை இறக்கினார்கள். வருஷக்கணக்காக அந்தப் பெயரில் ஆடினீர்கள். முதல் கோப்பையை வாங்கிய கேப்டன் நீங்கள். அந்தப் பெயர் என்ன என்று நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அண்ணன் சொல்ல மாட்டான். டீம் வழக்கம் என்பான்.

அந்த வழக்கத்தை ஆரம்பித்ததே உங்கள் காலத்தில்தான் என்று சொன்னான். கோப்பை ஆட்டத்துக்கு முந்தின வாரம் முழுவதும் வெளியிலிருந்து வந்தவனை எல்லாரும் மாற்றுப் பெயரில்தான் கூப்பிட வேண்டும். மைதானத்தில், டீக்கடையில், பஸ்ஸில், எங்கேயும். நடுவர் கூப்பிட்டால் சட்டென்று திரும்ப வேண்டுமே, அதற்காக. யாராவது வாய் தவறி உண்மைப் பெயரைச் சொல்லிவிட்டால் எல்லாருக்கும் அவன்தான் டீயும் பன்னும் வாங்கித் தர வேண்டும். பரசுராமன் சாரே ஒரு தடவை மாட்டிக்கொண்டு வாங்கித் தந்திருக்கிறாராம். ஆட்டம் முடிந்தாலும், வருஷங்கள் போனாலும், யார் யார் பெயரில் ஆடினார்கள் என்று வெளியே சொல்லக் கூடாது.

உங்களுக்குப் பிறகு எத்தனை பேர் அப்படி வந்தார்கள் என்று அண்ணனுக்கே தெரியாது. வள்ளூர் அனல்மின் நிலையத்தில் காண்ட்ராக்ட் வேலை செய்த ஒருவர் வந்தாராம். வேப்பம்பட்டில் வீடு வீடாகப் பார்சல் கொடுத்துக்கொண்டிருந்த ஒருவர் வந்தாராம். அவர் இடது கையால் போட்டால் பந்து வளையத்தைத் தொடாமலே உள்ளே போகுமாம். ஆடினார்கள், ஜெயித்தார்கள், போய்விட்டார்கள். ஜிம் சுவரில் கோப்பை வென்றவர்களின் பெயர்களைப் பெயிண்டில் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சுவரில் இவர்கள் யாரும் இல்லை. பெண்கள் டீம் அடுத்த வருஷம் ஆரம்பிப்போம் என்று ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் சேர்மன் பேசுவார். அதுவும் இல்லை.

அண்ணனுக்குக் கொடுத்த பெயர் ஹேமநாத். அந்த ஹேமநாத்தை நான் பார்த்ததே இல்லை. பிளஸ் டூ முடித்து மில்லில் வேலைக்குப் போன அண்ணனிடம், ரெண்டு கோப்பை வாங்கிக் கொடு, ஃபீஸ் இல்லாமல் சீட் தருகிறோம், உன் பெயரிலேயே ஆடலாம் என்றார்கள். அடுத்த ஜூனில், அடுத்த ஜூனில் என்று போய்க்கொண்டிருந்தது. இந்தக் கோப்பைதான் கடைசி என்று அவன் நம்பினான். என்னிடம் பேக் ஒன்று வாங்கித் தரச் சொன்னான். காலேஜ் போகிறவன் மில்லுக்குக் கொண்டுபோகும் பையோடு போக முடியுமா என்று கேட்டான்.

வீட்டிலும் நாங்கள் பழக வேண்டும் என்று பரசுராமன் சார் சொல்லி அனுப்பினார். ஆட்டம் பார்க்க வந்து நாங்கள் பெயரைச் சொல்லிக் கத்திவிடுவோம் என்று பயம். நான் ‘ஹேமு’ என்று கூப்பிட்டேன். சிரிப்பாக இருந்தது. அம்மாதான் முதலில் முடியாது என்றாள். “நான் பெத்து வெச்ச பேர மாத்த அவுங்க யாரு?” என்றாள். அப்புறம் அண்ணன் கெஞ்சியதில் அவளும் பழகிவிட்டாள். அந்த வாரம் அவன் சாப்பிட உட்கார்ந்தால், “ஹேமநாத்து, இன்னும் ரெண்டு இட்டிலி வெக்கட்டா?” என்று கேட்டு அவளே சிரிப்பாள்.

அன்று நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். வேலிக்கு வெளியே, வருஷா வருஷம் நிற்கும் அதே இடத்தில் நின்றிருந்தீர்கள். ஆனால் காலையில் நடந்தது உங்களுக்குத் தெரியாது. கம்பத்தின் அடியில் சுற்றியிருந்த பஞ்சு மெத்தையை ஜெயராஜ் சார் நின்று அவிழ்க்கச் சொன்னார். இருபதாம் ஆண்டு விழா, சேர்மன் படம் போட்ட ஃப்ளெக்ஸ் அங்கே கட்ட வேண்டும் என்றார். நான் சீக்கிரமே போய்விட்டதால் பார்த்தேன். வெறும் இரும்பில்தான் ஃப்ளெக்ஸைக் கட்டினார்கள். அண்ணன் எகிறிப் பந்தைப் போட்டுவிட்டு மல்லாந்து விழுந்தபோது அவன் தலை மோதியது அந்த இரும்பில்.

எல்லாரும் ஓடி வந்தார்கள். பையன்கள் சுற்றி நின்று, “ஹேமு, ஹேமு” என்று கூப்பிட்டார்கள். வேலியைத் தாண்டிக் குதித்து வந்தது நீங்கள். அவன் தலையை யாரையும் தூக்க விடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டீர்கள். நீங்கள் ஒருவர்தான், “துளசி, கண்ண தொறடா துளசி” என்றீர்கள். அவன் கண்ணைத் திறந்தான். நான் பார்த்தேன்.

அப்போது ஜெயராஜ் சார் குனிந்து உங்கள் காதில் ஏதோ சொன்னார். நீங்கள் கையை எடுத்துவிட்டீர்கள். எழுந்து, சட்டையில் ரத்தத்தோடு, திரும்பிப் பார்க்காமல் போனீர்கள். அவர் உங்களிடம் என்ன சொன்னார், அண்ணா? அன்றிலிருந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆம்புலன்ஸ் சென்னைக்குப் போகும் என்று நினைத்தோம். போகிற வழியெல்லாம் பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. ஆனால் திருவள்ளூருக்குத் திருப்பச் சொன்னார்கள். அவ்வளவு தூரம் ஏன் என்று நைனா கேட்டார். தெரிந்த இடம், நன்றாகப் பார்ப்பார்கள் என்றார் ஜெயராஜ் சார். யாருக்குத் தெரிந்த இடம் என்று நைனா கேட்கவில்லை.

அங்கே பையன்கள் ஹேமநாத்தின் காலேஜ் கார்டைக் காட்டிச் சேர்த்துவிட்டார்கள். அவர்கள் வேண்டுமென்று செய்யவில்லை. அழுதுகொண்டே வந்தவர்கள், வாரம் முழுக்க வாயில் இருந்த பெயரையே சொல்லிவிட்டார்கள். பிறகு நர்ஸ் வெளியே வந்து, “ஹேமநாத் கூட வந்தவங்க யாரு?” என்று கேட்டார். அம்மா சட்டென்று எழுந்து நின்று, “என் புள்ளதாம்மா” என்றாள். இப்போது ஜெயராஜ் சார் பிடித்துக்கொண்டிருப்பது அதைத்தான். பெற்ற தாயே பொய் சொல்லிச் சேர்த்திருக்கிறாள், இதற்குப் பெயர் ஆள்மாறாட்டம், போலீஸ் வந்தால் முதலில் கேட்பது அவளைத்தான் என்கிறார்.

அங்கே இருக்கும் டாக்டரம்மா பெயர் சுமலதா. புதிதாக வந்தவர். அவர் மட்டும் இவர்கள் ஆள் இல்லை என்று நினைக்கிறேன். ஒவ்வொரு தடவை பார்க்க வரும்போதும் அண்ணன் காதருகே குனிந்து, “ஹேமநாத், ஹேமநாத்” என்று கூப்பிடுகிறார். அவன் அசைவதில்லை. கூப்பிட்டால் திரும்புகிறானா என்பதை வைத்துத்தான் மூளை எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பார்களாம். ஒரு நாள் என்னைப் பார்த்து, வீட்டில் வேறு ஏதாவது செல்லப் பெயர் வைத்துக் கூப்பிடுவீர்களா என்று கேட்டார். எனக்குத் தொண்டைவரைக்கும் வந்துவிட்டது. ஜெயராஜ் சார் என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். “அதெல்லாம் இல்ல மேடம், ஊட்லயும் ஹேமநாத்துதான்” என்று அவரே பதில் சொன்னார். மறுநாளிலிருந்து எனக்குப் பரீட்சை இருக்கிறது, ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவோடு ஓர் ஆளை உட்கார வைத்திருக்கிறார்கள். உதவிக்கு என்கிறார்கள். அந்த ஆள் டீ குடிக்கப் போன நேரத்தில் அம்மா அண்ணன் காதில் துளசி என்று சொல்லிப் பார்த்தாளாம். அவன் விரல் அவள் விரலைப் பிடித்ததாம். துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது அடுப்படியில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் இதை என்னிடம் சொன்னாள்.

அவனுக்கு நினைவு இருக்கிறது என்று அந்த டாக்டருக்குத் தெரியாது, அண்ணா. தெரியாததால் அவன் தேற மாட்டான் என்றே நினைக்கிறாரோ என்னவோ. அப்படி நினைக்கட்டும் என்றுதான் இவர்களும் இருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

வியாழக்கிழமை என்ன நடக்கப் போகிறது என்று ஜெயராஜ் சார் நைனாவிடம் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். ஹேமநாத் தேறி வீட்டுக்குப் போய்விட்டதாக டாக்டரம்மாவுக்குத் தெரியாமல் ஆஸ்பத்திரியில் எழுதி முடித்துவிடுவார்கள். நிஜ ஹேமநாத் வெளிநாடு போகிறானாம், அவன் பெயர் ஆஸ்பத்திரியில் இருக்கக் கூடாது என்று அவன் வீட்டில் சண்டை போடுகிறார்களாம். அண்ணனை வேறோர் இடத்தில் துளசிராமன் என்றே சேர்த்து, மில்லுக்குப் போகும்போது பைக்கிலிருந்து விழுந்தான் என்று சொல்ல வேண்டும். நைனா அதற்குக் கையெழுத்துப் போட வேண்டும். எந்த இடம் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

இது வெறும் பேச்சு என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பைக்கைப் பார்த்தேன். அண்ணன் ஆட்டத்துக்குப் போனது டீம் பஸ்ஸில். பைக் வீட்டு வாசலில்தான் நின்றது. மறுநாள் மெக்கானிக் என்று ஒருவன் வந்து, சர்வீஸுக்கு விட்டிருக்கிறது என்று தள்ளிக்கொண்டு போனான். திரும்பி வந்தபோது ஹேண்டில் வளைந்திருந்தது. முன்விளக்கு உடைந்திருந்தது. இடது பக்கம் முழுவதும் தாரில் தேய்த்த மாதிரி கோடு கோடாக இருந்தது. நைனா அதைப் பார்த்துவிட்டு ஒரு கோணியை எடுத்து மூடினார். அன்றைக்குத்தான் எனக்கு நைனாமேலும் பயம் வந்தது.

நைனா கெட்டவர் இல்லை. மில்லில் அவரை நிரந்தரமாக்கித் தருவதாக ஜெயராஜ் சார் சொல்லியிருக்கிறார். ஒத்துக்கொள்ளாவிட்டால் காண்ட்ராக்டும் போகும். அம்மாமேல் கேஸ் வரும். “மாரியப்பா, நீ இன்னா கேஸ் நடத்தப் போறியா? கோர்ட்டு வாசல்ல நின்னு நின்னு பேஜாராயிடுவ. புள்ளைய பாத்துக்கினு சும்மா இரு” என்று சொன்னார். நைனா தலையை மட்டும் ஆட்டினார். இப்போதெல்லாம் அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

பரசுராமன் சாரும் ஒரு நாள் வந்தார். அண்ணனுடைய ஷூவைக் கொடுத்துவிட்டுப் போக வந்தவர், வாசலிலேயே நின்று அழுதார். உள்ளே வாருங்கள் என்றால் வரவில்லை. ஏன் சார் நீங்களாவது சொல்லக் கூடாதா என்று கேட்டேன். “நானே இட்டாந்தேன், நானே இன்னான்னு சொல்றது?” என்றார். அவர் போன சிறிது நேரத்தில் ஜெயராஜ் சார் வந்து, பரசுராமனிடம் என்ன பேசினாய் என்று என்னைக் கேட்டார். யார் போய்ச் சொன்னார்கள்? சாரே சொன்னாரா?

இப்போது நான் கண்டுபிடித்த ஒன்றை எழுதுகிறேன். இதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

அப்படி வந்த அன்று ஜெயராஜ் சார் எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து நைனாவிடம் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார். நான் யார் தெரியுமா, இந்த டீமின் முதல் கேப்டன், முதல் கோப்பையைத் தூக்கியவன், அந்தச் சர்டிபிகேட்டில்தான் எனக்கு இந்த வேலையே கிடைத்தது, ஒரு ஆட்டக்காரனின் கஷ்டம் எனக்குத் தெரியாதா என்றார். ஜிம் சுவரில் முதல் பெயர் அவருடையதுதான். நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அப்போது கட்டிலுக்கு அடியிலிருந்து அண்ணனுடைய பந்து உருண்டு அவர் பக்கம் போனது. அவர் அதைச் செருப்புக் காலால் மிதித்து நிறுத்தினார்.

அந்த டீமில் யாரும் பந்தைக் காலால் தொட மாட்டார்கள். தவறிப் பட்டுவிட்டால் புத்தகத்தைத் தொட்டுக் கும்பிடுகிற மாதிரி தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். பரசுராமன் சார் முதல் நாளே கற்றுக்கொடுப்பது அதுதான் என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். கால் எடுங்கள் சார், கையால் கொடுங்கள் என்றேன். அவர் குனிந்து, பலாப்பழத்தைத் தூக்குகிற மாதிரி வயிற்றோடு அணைத்து எடுத்து என்னிடம் கொடுத்தார். அவர் வாழ்நாளில் பந்து ஆடியதில்லை, அண்ணா. எனக்கே தெரிந்துவிட்டது.

நீங்கள் ஆடிய பெயர் ஜெயராஜ். அப்படித்தானே?

அதனால்தான் அவர் பயப்படுகிறார். அண்ணன் கதை வெளியே வந்தால் முதல் கோப்பைவரை கேள்வி போகும். அவர் வேலை, அவர் மரியாதை எல்லாம் உங்கள் கையால் போட்ட பந்து. இது தெரிந்தபிறகு உங்கள்மேல் எனக்குச் சந்தேகம் கூடியது. இத்தனை வருஷம் வாயைத் திறக்காதவர் எனக்காகவா திறக்கப் போகிறார் என்று நினைத்தேன். எழுத வேண்டாம் என்றுகூட முடிவு செய்தேன். பிறகு அந்த வேலி ஞாபகம் வந்தது. வாயைத் திறக்கக் கூடாது என்று தெரிந்தும், அவ்வளவு பேர் முன்னால் அவனுடைய உண்மைப் பெயரைச் சொன்னீர்கள்.

நீங்கள் யாரோடும் சண்டை போட வேண்டாம். போலீஸுக்குப் போக வேண்டாம். பழைய கோப்பையைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டாம். திருவள்ளூருக்கு வந்து டாக்டர் சுமலதாவைத் தனியாகப் பார்த்து, இவன் துளசிராமன், மைதானத்தில் இரும்புக் கம்பத்தில் தலை மோதியது, நான் பார்த்தேன் என்று மட்டும் சொல்லுங்கள். அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு அவனை வேனில் ஏற்ற அந்த அம்மா விட மாட்டார். நாங்கள் சொன்னால் அம்மாவைத்தான் பிடிப்பார்கள். நீங்கள் சொன்னால், பார்த்தவர் சொன்னதாக இருக்கும்.

உங்களுக்கு வேலை போகலாம். அதுவும் எனக்குத் தெரியும். உங்களுக்குப் பிள்ளைகள் இருப்பார்கள். கேட்பதற்கு எனக்கு வாய் வரவில்லை, இருந்தாலும் கேட்கிறேன். உங்கள் பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். என் அண்ணன் எழுந்து

வெளியே வண்டி வந்து நிற்கிறது. ஷேர் ஆட்டோ சத்தம் இல்லை. பெரிய வண்டி.

ஜெயராஜ் சார் குரல். “மாரியப்பா, சட்டைய மாட்டிக்கினு கெளம்பு, இப்பவே மாத்திடலாம்” என்கிறார். நைனா, வியாழன் என்றீர்களே என்று கேட்கிறார். அதற்கு என்ன சொன்னார் என்று கேட்கவில்லை.

நான் அடுப்படியில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். வியாழன் இல்லை, அண்ணா. நாளைக்கு என்றுகூட இருக்காதீர்கள். இது கையில் கிடைத்ததும் கிளம்புங்கள்.

நைனா கதவைத் தட்டுகிறார். “பானு, அண்ணனோட ஆதார் கார்டு எங்கம்மா வெச்சிக்கினு கீற? புது ஆஸ்பத்திரில கேப்பாங்களாம்” என்கிறார்.

வீட்டுக் கார்டுகள் எல்லாம் என் ஸ்கூல் பையில்தான் இருக்கும். அவனுடையதை எடுத்து இந்தக் கவரிலேயே வைக்கிறேன். அடுப்பில் போட்டுவிடாதீர்கள், டாக்டரம்மாவிடம் காட்டுங்கள். தேடினேன், காணவில்லை என்று சொல்லப் போகிறேன். அது இல்லாமல் வேறு இடத்தில் சேர்க்கக் கொஞ்சமாவது நேரமாகும். கவரைப் பின் சன்னல் வழியாக விக்டோரியா வீட்டுப் பக்கம் போட்டுவிடுகிறேன், அவள்

மறுபடி தட்டுகிறார்கள். இது நைனா தட்டுகிற மாதிரி இல்லை. அண்ணா, அவனை ஏற்ற விடாதீ